விற்ற ஸ்கூட்டருக்கு அம்மா பெயரில் அபராதம்: வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்று எப்படித் தேடுவது?

தச்சநல்லூர் வாசி

அனைவருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

அம்மாவின் பெயரில் டிஎன் 72 பதிவெண் கொண்ட ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன், பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டோம். அவர் நீட்டிய 29, 30 படிவங்களில், அதாவது வண்டியின் பெயர் மாற்றப் படிவங்களில், அம்மா கையெழுத்துப் போட்டார். வாங்குபவர் பெயர் வர வேண்டிய இடம் காலியாகவே இருந்தது. அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தையும் அவரே வாங்கிக்கொண்டார். வண்டி ஒப்படைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு அவர் எழுதிக் கொடுத்தது மட்டும் எங்களிடம் இருக்கிறது.

போன வாரம் அம்மாவின் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, வழக்கு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று. சலான் தளத்தில் பார்த்தால் மூன்று அபராதங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு இரண்டு, மூன்று பேர் போனதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் 1,000 ரூபாய். மூன்றுமே வண்டி எங்கள் கையை விட்டுப் போன பிறகு நடந்தவை. படத்தில் ஓட்டுகிற பையனை நாங்கள் பார்த்ததே இல்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அம்மாவுக்கு 63 வயது. "நான் என்னடா தப்புச் செய்தேன், என்னை எதற்குக் கோர்ட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்தெடுத்து இணையத்தில் அவர் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

களக்காட்டுக்காரன்

தம்பி, 3,000 ரூபாய்தானே. ஆன்லைனில் கட்டிவிடுங்கள். அம்மாவின் நிம்மதியைவிட அது பெரிதில்லை. கோர்ட், வக்கீல் என்று அலைந்தால் இன்னும் ஐயாயிரம் போகும்.

வக்கீல் குமாஸ்தா

களக்காட்டு அண்ணாச்சி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் தம்பி, பதிவைக் கண்ணால் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். முப்பது வருடமாக வழக்குக் கட்டுத் தூக்கிக்கொண்டு கோர்ட் வராந்தாவில் நடக்கிறவன் நான். என்ன வழக்கு என்றே தெரியாமல் பயந்து பணம் கட்டியவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

முதலில் சலான் தளத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி 5 எழுத்துகளைக் கொடுத்து மூன்று சலானையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, இன்னும் போலீஸ் வசமா அல்லது கோர்ட்டுக்குப் போய்விட்டதா, இவை எல்லாம் அதில் இருக்கும். மூன்றும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. இடம் என்ற வரியைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். சலான் எந்தப் போலீஸ் நிலைய எல்லையில் போடப்பட்டதோ, அந்த எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குத்தான் வழக்குப் போகும். நீங்கள் தச்சநல்லூரில் குடியிருப்பதோ, வண்டி நெல்லைப் பதிவு என்பதோ அங்கே கணக்கில்லை. வள்ளியூர்ப் பக்கம் பிடித்திருந்தால் பாளையங்கோட்டையில் விடிய விடியத் தேடினாலும் வராது. தென்காசி இப்போது தனி மாவட்டம். 2019 நவம்பரில் பிரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கு என்றால் தளத்தில் மாவட்டத்தை மாற்றியும் பார்க்க வேண்டும்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, வழக்கு நிலை பகுதியில் பெயரைக் கொண்டு தேடலாம். பெயரில் குறைந்தது 3 எழுத்து வேண்டும், வருடமும் வேண்டும். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்று இரண்டு வகை உண்டு. பலர் நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு வழக்கே இல்லை என்று போய்விடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். இந்த மாதிரிச் சில்லறை வழக்குகளை எஸ்.டி.சி. என்ற தலைப்பில் எண் போட்டுப் பதிவார்கள். சுருக்கமுறை விசாரணை வழக்கு என்று பொருள். கிடைத்ததும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் பிறகு பெயர், வருடம் எதுவும் தேவையில்லை. மெய்நிகர் நீதிமன்றம் என்ற வி-கோர்ட்ஸ் தளத்தையும் ஒருமுறை பாருங்கள். அங்கே செல்போன் எண், வண்டி எண், சலான் எண் எதைக் கொண்டும் தேடலாம்.

அம்மாவின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? அதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்.

தச்சநல்லூர் வாசி

அண்ணாச்சி, கிடைத்துவிட்டது! நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியில்தான் விடை இருந்தது. அம்மாவின் பெயர் இசக்கி என்று தொடங்கும். ஆதாரில் ஆங்கில 'ஐ' எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறோம். ஆர்.சி. புத்தகத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்கியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் மூன்று நாள் தேடியிருக்கிறேன். முதல் மூன்று எழுத்தை மாற்றிப் போட்டதும் வந்துவிட்டது.

சலானில் இடம் கல்லிடைக்குறிச்சி. வழக்கு அம்பாசமுத்திரம் நடுவர் நீதிமன்றத்தில் எஸ்.டி.சி. எண்ணோடு நிலுவையில் இருக்கிறது. ஹெல்மெட் வழக்கு, பிரிவு 194டி. அடுத்த வாய்தா தேதியும் தெரிகிறது, இன்னும் 19 நாள் இருக்கிறது. மற்ற இரண்டு சலானும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

இனி என்ன செய்ய?

வக்கீல் குமாஸ்தா

நம் ஊரில் இசக்கி, சுடலை, பேச்சி, வள்ளி என்று எந்தப் பெயரை எடுத்தாலும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் அப்படித்தான். நல்லவேளை, கண்டுபிடித்தீர்கள். இனிச் சட்டத்தை வழக்கறிஞர் அம்மா சொல்லட்டும்.

பாளை வழக்கறிஞர்

தம்பி, பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் கட்டைப் படித்துப் பார்க்கும் வழக்கறிஞர் சொல்வதே முடிவு.

பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பொருள். ஆன்லைனில் கட்டினாலும் அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆவது பிரிவுப்படி, சம்மனிலேயே அந்த வாய்ப்பைக் குறிப்பிட்டிருந்தால், கோர்ட்டுக்கு வராமலே பதிவுத் தபாலில் ஒப்புதல் எழுதி அபராதத்தை அனுப்பி முடித்துவிடவும் வழி இருக்கிறது. தவறு செய்தவருக்கு அது நல்ல வசதி, ஒருநாள் வேலை மிச்சம். உங்கள் அம்மா தவறு செய்யவில்லையே. 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. ஓட்டாத வண்டிக்கு அவர் ஏன் அதை ஏற்க வேண்டும்?

வண்டி யார் கையில் இருந்தது என்ற தகவலைக் கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை, 133ஆவது பிரிவின்படி, பதிவில் உள்ள உரிமையாளருக்கு உண்டு. அந்தத் தகவலை நீங்களே முந்திக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் துண்டுச் சீட்டு சாதாரணமானதல்ல. பத்திரப்படுத்துங்கள், முதலில் நகல் எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 3,000 ரூபாய் அபராதம் உங்களுக்கு வந்த எச்சரிக்கை மணி. அந்தப் பையன் நாளைக்கு ஒருவரை இடித்துவிட்டால்? வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்தால்? 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்த வழக்கிலும் வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருந்தது, பதிவில் மட்டும் பழைய பெயர். நஷ்டஈடு பழைய பெயருக்காரர் தலையில் விழுந்தது. 50ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். அந்த 14 நாள் உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் இன்றைக்கே எழுதுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு.

ரத வீதி

இவ்வளவு கவலை எதற்கு? கட்டாமல் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் ஆனால் வழக்கு தானாகக் காலாவதி ஆகிவிடும் என்று என் நண்பன் சொன்னான். எனக்கும் நாலு சலான் கிடக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை.

பாளை வழக்கறிஞர்

உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதக் காலவரம்பு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 514ஆவது பிரிவு. ஆனால் அந்த வரம்பு போலீஸார் கோர்ட்டில் தாக்கல் செய்வதற்குத்தான். உள்ளே தாக்கல் செய்துவிட்டால், அதன் பிறகு வருடக்கணக்கில் கிடந்தாலும் தானாகச் சாகாது. தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே சலான் தேதியையும் தாக்கல் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் காலாவதி என்று இருந்துவிடாதீர்கள். தாக்கல் தேதி இ-கோர்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கும்.

நாங்குநேரி வேன்

ரத வீதி தம்பி, கேட்க ஆள் வராது என்பது உண்மைதான். வண்டியை விற்கப் போகும்போது, பெயர் மாற்றப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். எனக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வேனைக் காட்டுகிற நேரத்தில் நின்றது. பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது, வேனை வைத்துக்கொண்டு எந்த ஊரில் எந்தச் சலான் என்று அலைந்தேன். அதில் ஒன்று என் வண்டியே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு கார். பதிவெண்ணில் 3ஐ 8 என்று எடுத்திருக்கிறார்கள். சலான் தளத்தில் புகார் என்று ஒரு பகுதி இருக்கிறது. என் வேனின் முன்பக்கப் படத்தையும் ஆர்.சி.யையும் ஏற்றி எழுதினேன், நீக்கிவிட்டார்கள். படத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது.

முன்பெல்லாம் ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய தொகை வந்த பிறகு அது 1,000. நாலு சலானைக் கிடப்பில் போடுவது இப்போது ஒரு மாத வீட்டு வாடகை.

மேலப்பாளையம் ஆசிரியை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதல் பதிவில் குறுஞ்செய்தி என்று படித்ததும் பயந்துவிட்டேன். எங்கள் வீட்டு மாமாவுக்கு இதே மாதிரி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. போலீஸ் முத்திரை, அவருடைய வண்டி எண், 500 ரூபாய் அபராதம், கீழே ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி ஒரு கோப்பு. வண்டி எண் சரியாக இருந்ததால் நம்பிவிட்டார். பதிவிறக்கிய அன்று இரவே, மீன் வியாபாரத்துக்கு வைத்திருந்த 41,000 ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருக்கலாம். மாமா வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி எண் சரியாக இருப்பதால் மட்டும் செய்தி உண்மையாகிவிடாது. வந்த இணைப்பைத் தொடாமல், ஜிஓவி.இன் என்று முடியும் அரசுத் தளத்தை நாமே திறந்து பார்க்க வேண்டும். எந்தக் கோர்ட்டும் செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தச்சநல்லூர் வாசி

ஆசிரியை அக்கா, நன்றி. நான் தளத்தை நானே திறந்துதான் பார்த்தேன். அம்மாவிடமும் மைனியிடமும் இதைப் படித்துக் காட்டிவிட்டேன். மாமாவிடம் சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வண்டி வாங்கியவரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. செல்போன் எண்ணும் மாறிவிட்டது.

பேட்டை பட்டறை

தம்பி, நான் இருசக்கர வண்டி மெக்கானிக். காலிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இந்தத் தொழிலில் பல இடத்திலும் நடக்கிறது. வாங்கி விற்கிறவர் தன் பெயருக்கு மாற்றினால் ஒரு செலவு, அடுத்தவருக்கு மாற்றினால் இன்னொரு செலவு. அதனால் படிவம் காலியாகவே மூன்று நான்கு கை மாறும். அடிவாங்குவது முதலில் கையெழுத்துப் போட்டவர். இதை ஒரு மெக்கானிக்காகச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. நானும் சிலருக்கு வண்டி முடித்துக் கொடுத்திருக்கிறேன், படிவத்தைக் கவனிக்கச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2023 ஏப்ரல் 1 முதல் விதி மாறிவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்கிறவர் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். வண்டியை ஒப்படைக்கும்போது 29சி படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அதன் பிறகு வண்டிக்கு அவரே பொறுப்பு. வண்டி கொடுக்கிறவர்கள் அந்த ஒப்புகையைக் கேட்டு வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சலான் கல்லிடைக்குறிச்சி என்கிறீர்கள். மற்ற இரண்டும் எங்கே? மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்றால் வண்டி அந்தச் சுற்றில்தான் ஓடுகிறது. அம்பை, கல்லிடை பட்டறைகளில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் நிறம், என்ன அடையாளம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். பொதுவில் போடாதீர்கள்.

தச்சநல்லூர் வாசி

எழுதி நாளாகிவிட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டை அண்ணன் நான்கே நாளில் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். முன் மட்கார்டில் அம்மா ஒட்டிய முருகன் வேல் ஸ்டிக்கர் இன்னும் பாதி இருந்ததாம், அதை வைத்தே ஒரு பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். வண்டி மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. வாழைத்தார் ஏற்றும் தொழிலாளி, அவருடைய மகன்தான் படத்தில் இருந்த பையன். சண்டைக்குப் போவது போலத்தான் போனேன். அந்த மனிதர் காலிப் படிவங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்படியே வைத்திருந்தார். அம்மாவின் கையெழுத்து, அதற்கு மேலே வெற்றிடம். "பெயர் மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தெரியாது, படிவம் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்" என்றார். இன்சூரன்ஸும் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கறிஞர் அக்கா எழுதியது அப்போது நினைவுக்கு வந்து கை நடுங்கியது.

கோர்ட்டுக்குப் போகாத இரண்டு சலானையும் அவரே கட்டினார். கட்டாமல் பெயர் மாற்ற முடியாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸ் போட்டு, பெயரும் மாற்றியாகிவிட்டது.

வாய்தா அன்று செங்கோட்டை பாசஞ்சரில் அம்மாவை அம்பைக்குக் கூட்டிப் போனேன். பெண்கள் என்றால் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்று சட்ட உதவி எண்ணான 15100இல் சொன்னார்கள். அங்குள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் அம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். காலியிடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். டவாலி பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய்க் கைகூப்பி நின்றார். துண்டுச் சீட்டு நகல், வண்டி யாரிடம் இருந்தது என்ற விவரம், இப்போது வண்டி வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மனுத் தாக்கல் செய்தார்கள். நீதிபதி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வண்டி ஓட்டத் தெரியுமா என்று. தெரியும், ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுவேன் என்றார் அம்மா. போலீஸ் தரப்பு பதில் சொல்ல வாய்தா போட்டிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் சேரன்மகாதேவி தாண்டியதும், காலையில் கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டார்.

வக்கீல் குமாஸ்தா

மிகவும் சந்தோஷம் தம்பி. இனி வாய்தாவுக்கு முந்தின நாள் இரவு சி.என்.ஆர். எண்ணைப் போட்டுத் தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீதிபதி விடுப்பு என்றால் வீணாக அலைய வேண்டாம். தீர்ப்பானதும் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவர் கேட்டால் கொடுப்பார்கள், மூன்றாம் நபர் என்றால் கோர்ட் அனுமதி வேண்டும். இணையத்தில் முடிந்தது என்று காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. சலான் தளத்தில் நிலுவை என்றே கிடந்தால் அந்த நகலைக் காட்டித்தான் நீக்கச் சொல்ல முடியும். நகலில் அம்மாவின் பெயர் 'ஈ'யா 'ஐ'யா என்று வாங்கும்போதே பாருங்கள்.

ரத வீதி

என் நாலு சலானையும் நேற்று திறந்து பார்த்தேன். இரண்டு என்னுடையவை, கட்டிவிட்டேன். ஒன்று சேரன்மகாதேவியில் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. நான்காவதில் படமே திறக்கவில்லை. அண்ணாச்சி, அதற்கு என்ன செய்வது?

வக்கீல் குமாஸ்தா

சலான் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, சலான் போட்ட போலீஸ் நிலையத்தில் நேரில் கேளுங்கள். காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி எழுதிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நாளைக் காலை 11 மணிக்கு மேல் நான் கோர்ட்டில் இருப்பேன். இங்கே எழுதினால் மதியம் பார்த்துச் சொல்கிறேன்.